ஆமென் சொல்லாமல் முடிந்த ஜெபம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் தொடங்கி வைகாசி வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. நித்திரை குறைந்துபோயிற்று என்று நான் சொல்லவில்லை. அறவே இல்லை. விளக்கை அணைத்துப் பாயில் சரிந்தால் கண் மூடும், மனம் மூடாது. விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்கு வாங்கு சொல்கிற சத்தம் கேட்கும்போது நான் இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பிறகு ஒரு அரை மணி நேரம் மயக்கம்போல ஏதோ ஒன்று வரும். அதற்குள் அடுப்பு மூட்டுகிற நேரம் வந்துவிடும்.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். அந்த ஆண்டு தை மாதம் அவருக்கு மருதமுனைக்கு மாற்றம் கிடைத்தது. மட்டக்களப்புப் பட்டணத்தில் சொந்தபந்தங்களின் நடுவே இருந்த நான், எட்டு வயது மெர்சியையும் தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தேன். தெருவில் எங்களைத் தவிர எல்லாரும் முஸ்லிம் மக்கள். வீட்டுக்கு வீடு தறி. வெள்ளை மணல் முற்றங்களில் சாயம் தோய்த்த நூல் கொடிகளில் காயும். நல்ல மனிதர்கள்தான். ஆனால் எனக்கு யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. தென்னோலைக் கிடுகு வேலிக்குள் இருந்துகொண்டு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

நித்திரை போனதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் அம்மாவின் தங்கைக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் நித்திரை போனது. பிறகு பேச்சு போனது. பிறகு அவவைக் கொழும்பில் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னம்மா திரும்பி வரவே இல்லை. ஆகவே ஒவ்வொரு இரவும் நான் நித்திரைக்காகக் காத்திருக்கவில்லை, பைத்தியத்துக்காகக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருக்கிறவளுக்கு எங்கே நித்திரை வரும்?

பகலில் என் கைகள் என் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டன. ஒருவருடைய பிளவுசுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்தேன். தேநீரில் உப்புப் போட்டேன். இவற்றையெல்லாம் சிரித்துச் சமாளித்தோம். ஆனால் சித்திரை தொடக்கத்தில் ஒரு நாள் மாலை மெர்சிக்கு இருமல். நான் போத்தலை எடுத்து, கரண்டியில் ஊற்றி, பிள்ளையின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன். அவள் மூக்கைச் சுளித்துக் கத்தினாள். இவர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். கரண்டியில் இருந்தது மண்ணெண்ணெய்.

அன்றைக்குத்தான் இவரும் பயந்துபோனார். மறுநாளே சைக்கிளில் ஏற்றிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்குத்தர் நல்லவர். ஒரு மருந்தைத் தந்து, "வைகாசி முடியும் மட்டும் பாப்பம். அதுக்குப் பிறகும் இப்படியே எண்டா கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன்" என்றார். கொழும்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சின்னம்மாவின் நினைவு வந்தது.

நாங்கள் ஜெபிக்காத குடும்பம் என்று நினைக்க வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் பாயில் முழங்காலில் நிற்போம். எங்கள் வீட்டில் புத்தகம் பார்த்து ஜெபிக்கிற பழக்கம் இல்லை. மனதில் வந்ததை வாய்விட்டுச் சொல்வோம். இவருடைய ஜெபம் இரண்டு நிமிடத்தில் முடியும். மெர்சியுடையது அதற்கும் முன்னால் முடியும். என்னுடையது முடியாது. என் குரலும் சாதாரணக் குரல் இல்லை. பாட்டுக்குழுவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சொந்த வார்த்தையில் ஜெபிக்கிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது, நீங்களும் அறிவீர்கள். முகத்துக்கு நேரே ஒருவரிடம் சொல்ல முடியாததை, அவர் கேட்கும்படியாகக் கர்த்தரிடம் சொல்லிவிடலாம். "ஆண்டவரே, மாதர் கூட்டத்துக்குப் பிந்தி வருகிற சகோதரிகளுக்கு நேரத்தின் அருமையை உணர்த்தும்" என்று நம்முடைய கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பிந்தி வந்த சகோதரி அங்கேதான் முழங்காலில் நிற்பாள். நானும் அந்த வழியைத்தான் பிடித்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் இஸ்மாயிலும் அவர் மனைவி சகீனாவும் இருந்தார்கள். இளம் வயதுக்காரர்கள். அவர்களுடைய தறி, எங்கள் அறைக்கு எதிரே வேலியோடு ஒட்டிய தாழ்வாரத்தில் இருந்தது. நிலத்தில் குழி வெட்டி அதற்குள் காலை விட்டு நெய்கிற தறி. பகலில் இஸ்மாயில் நெய்வார். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு சகீனா உட்காருவாள். டக்கு, டக்கு, டக்கு. என் நித்திரையைத் திருடியது அந்தத் தறிதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒரு குற்றவாளி கிடைத்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அன்று தொடங்கி என் ஜெபம் இப்படிப் போனது: "ஆண்டவரே, பக்கத்து வீட்டுச் சகீனாவின் தறியை அமர்த்தியருளும். அயலவரின் பாடு அறியாத சகீனாவின் மனதோடு பேசும். உம்முடைய அடியாள் படுகிற வேதனையைச் சகீனாவுக்கு உணர்த்தும்." தறிச் சத்தத்தை மீறிக் கர்த்தருக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் இவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "கிரேஸ், நீ ஆண்டவரோட கதைக்கிறியா, அங்கால வீட்டோட கதைக்கிறியா?"

"ஆண்டவரோடதான்."

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும். இன்னொண்டு, அந்தத் தறி பத்து மணிக்கு நிண்டுபோகுது. நீ விடியுமட்டும் முழிச்சுக்கொண்டு கிடக்கிறாய். பத்துக்குப் பிறகு உன்னை ஆர் எழுப்புறது?"

நான் மூன்று நாட்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சித்திரையின் நடுவில் நோன்பு மாதம் தொடங்கியது. முதல் நாள் மாலையே வேலிக்கு மேலால் ஒரு சட்டிக் கஞ்சி வந்தது. தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சியும் உள்ளியும் மணக்க மணக்க. சகீனா கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். நான் வாங்கினேன், குடித்தேன், சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அந்த இரவே கஞ்சி குடித்த வாயால் அவள் பெயரைச் சொல்லிக் கர்த்தரிடம் கோள் மூட்டினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோன்பு தொடங்கி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை இரவு, தறி நின்றது. சாப்பிட்டோம், ஜெபித்தோம், படுத்தோம். சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. பெருநாள் நெருங்க நெருங்க எல்லா வீட்டிலும் ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரன் நெசவு கூடுகிற காலத்தில், அந்த ஒரு தறி மட்டும் ஊமையாகிவிட்டது. நான் பாயில் எழுந்து உட்கார்ந்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

சொல்லிவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை.

அன்பானவர்களே, அந்த அமைதியைப்போலப் பயங்கரமான ஒன்றை நான் அறிந்ததில்லை. தறி ஓடியபோது எனக்கு ஒரு சாட்டாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நானும் கூரையும்தான். ஆக, சின்னம்மாவின் வழிதான் என் வழியும் என்று நினைத்துக்கொண்டேன். தமக்குப் பிரியமானவர்களுக்குக் கர்த்தர் நித்திரை தருகிறார் என்று சிறுவயதில் படித்திருந்தோமே, அப்படியானால் நான் அவருக்குப் பிரியமில்லாதவளா என்று எண்ணி எண்ணி அழுதேன்.

இப்போது நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நம்முடைய கல்முனை ஆலயத்து ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்த நீங்கள் எல்லாரும் என்னையே பார்த்தீர்கள். நான் எழுந்து, கர்த்தர் பக்கத்து வீட்டுத் தறியை நிறுத்தினார் என்று சாட்சி சொன்னேன். அதுவரைக்கும் உண்மை. முன்வரிசையில் இருந்து ஒரு அக்கா, "இப்ப நல்லா நித்திரை வருகுதா?" என்று ஆசையாகக் கேட்டா. நான் "ஓம்" என்றேன். நீங்கள் எல்லாரும் கர்த்தரைத் துதித்தீர்கள். அந்த "ஓம்" பொய். ஆலயத்துக்குள் நின்று சொன்ன பொய். அதைத் திருப்பி எடுப்பதற்கும்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பின்னேரம் மெர்சி வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். அவளுக்கு அந்த வீடு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. "அம்மா, சகீனா மாமி இப்ப ராவைக்கு அவங்கட காக்கா வீட்ட போய்த்தான் நெய்யிறாவாம். நீங்க ஜெபத்துல சொல்றதுக்காகத்தானாம்" என்றாள். காக்கா என்றால் இஸ்மாயிலின் அண்ணன். அவர் வீடு கடற்கரைப் பக்கம், நடந்தால் கால் மைல் இருக்கும்.

நான் மெசினில் இருந்தேன். கால் மிதியிலிருந்து நழுவியது. என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் எழுந்து, வாசலைச் சுற்றிப் போய், அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

சகீனா தாழ்வாரத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாஸ்டரம்மா," என்றாள். "இந்தப் படலையால இண்டைக்குத்தான் வாறீங்க."

"சகீனா, நீங்க ராவைக்கு வேற வீட்ட போய் நெய்யிறது எனக்காகவா?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க வந்து சண்ட பிடிச்சிருந்தா நானும் நல்லாச் சண்ட பிடிச்சிருப்பன் கா. என்ட வாய் உங்களுக்குத் தெரியா. நீங்க படைச்சவன்கிட்டத்தானே முறப்பாடு குடுத்த. அதுக்கு மேல நாங்க ஆருக்கிட்ட போற? இவரும் சொன்னார், நோன்பு மாசத்துல ஒரு பொம்புளைட நித்திரையக் கெடுத்துப்போட்டு நாம என்ன நோன்பு பிடிக்கிற எண்டு."

பிறகு எனக்குப் பாய் விரிக்க எழும்பினாள். இடுப்பில் கையை ஊன்றி, மெதுவாக எழும்பினாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுக்கு வயிறு. நாலு மாதம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். அவளுடைய தறிச் சத்தத்தை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறேன். அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பது எனக்குத் தெரியாது.

"எத்தனை மாசம்?"

"ஆறு." பாயை விரித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுக்கு முதல் ரெண்டும் தங்கல்ல மாஸ்டரம்மா. ரெண்டும் ஏழாம் மாசத்துலதான் போன. இப்ப படுத்தா அந்த நினைப்புத்தான். கண்ண மூட ஏலா. தறியில குந்தினா கையும் காலும் அசையும், மனசு கொஞ்சம் அடங்கும். அதான் ராவைக்கு நெய்யிற. உங்களுக்கு நித்திர வரல்ல எண்டு நீங்க அழுறது கேக்கக்குள்ள எனக்கு விளங்கின. எனக்கும் அதே பாடுதானே."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை. அவள் என்னை அறிந்திருந்தாள். நான் அவளுடைய சத்தத்தை மட்டுமே அறிந்திருந்தேன். நான் அழுதேன். அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற நேரத்தில், இனி இங்கேயே நெய்ய வேண்டும், காக்கா வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு படலை வரைக்கும் வந்து, கொஞ்சம் தயங்கி, "ஒண்டு கேக்கட்டா கா?" என்றாள்.

"கேளுங்க."

"ஒவ்வொரு நாளும் ராவைக்கு என்ட பேர அவன்கிட்டச் சொல்றீங்க. ஒருக்கா நல்லதுக்கும் சொல்லுங்களன்."

என் வாழ்நாளில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். குறை நினைக்க வேண்டாம், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக என்னைக் குத்திய பிரசங்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் நான் செய்துவந்தது என்ன? பகல் முழுக்கச் சேர்த்த கோபத்தைக் கிளறி, சூடாக்கி, அதற்குமேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறேன். அதற்கு ஜெபம் என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

அன்று இரவு முழங்காலில் நின்றோம். இவர் ஜெபித்தார், மெர்சி ஜெபித்தாள். என் முறை வந்தது. பாடமாகியிருந்த முறைப்பாடு எதுவும் பொருந்தவில்லை. "ஆண்டவரே, சகீனா" என்றேன். பிறகு மெதுவாக, அவளுடைய பயத்தைச் சொன்னேன். போன இரண்டு பிள்ளைகளைச் சொன்னேன். வருகிற ஏழாம் மாதத்தைச் சொன்னேன். இஸ்மாயிலின் நல்ல மனதைச் சொன்னேன். அவளுக்கு நித்திரை கொடும் என்று கெஞ்சினேன். எனக்கு நித்திரை கேட்க மறந்துவிட்டேன். மாசி மாதத்துக்குப் பிறகு நான் எனக்காக எதுவும் கேட்காத முதல் இரவு அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. இவர் சொல்லித்தான் தெரியும். "அந்தப் பிள்ளையைக் காத்து..." என்று நான் சொன்னேனாம். அடுத்த சொல் வரவில்லையாம். பார்த்தால், முழங்காலில் இருந்தபடியே முன்னால் கிடந்த கதிரையின் இருக்கையில் தலை சாய்த்துக் குறட்டை விட்டேனாம். இவரும் மெர்சியும் மூச்சுக் காட்டாமல் என்னைப் பாயில் இழுத்துக் கிடத்தினார்களாம்.

நான் கண் விழித்தபோது வெயில் சன்னலால் வந்து பாயில் விழுந்திருந்தது. சுபஹு வாங்கு எனக்குக் கேட்கவில்லை. காகம் கேட்கவில்லை, பால்காரரின் மணியும் கேட்கவில்லை. இவர் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. காரணமே இல்லாமல் சிரித்தேன். மெர்சியும் சிரித்தாள்.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது வேலிக்கு அங்கால இருந்து குரல் வந்தது.

"மாஸ்டரம்மா! ராத்திரி என்ன, பாதியில விட்டுப்போட்டீங்க?"

"நித்திரையாப் போயிட்டன் சகீனா!"

"அதானே! நானும் இவரும் காதக் குடுத்துக்கிட்டு இருந்தம். அந்தப் பிள்ளையக் காத்து எண்டீங்க, மறுகா சத்தத்தக் காணல்ல. கொஞ்ச நேரம் பாத்தம். துஆவ முடிச்சு வைக்காம விடப்படாதே எண்டு இவர் ஆமீன் எண்டார். நானும் ஆமீன் எண்டன். மறுகா எனக்கும் கண் அசந்துபோச்சு. தறிக்கே போகல்ல."

அடுத்த நாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது என் இரண்டாவது பொய்யாகிவிடும். மறுநாள் இரவு நித்திரை வர நெடுநேரம் சென்றது. ஆனால் நான் பயப்படவில்லை. வேலிக்கு அங்கால தறி ஓடியது. ஓ, அவளும் விழித்திருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்காக இன்னும் கொஞ்சம் கேட்டேன். எப்போது கண் மூடியது என்று தெரியாது. மூன்றாம் இரவு அதைவிடச் சுகமாக வந்தது. வைகாசி முடிந்தபோது நான் பிள்ளையைப்போலத் தூங்கிக்கொண்டிருந்தேன். பெருநாளன்று சகீனா தானே நெய்த ஒரு சேலையைக் கொண்டுவந்து தந்தாள். நான் அவளுக்கு வரப்போகிற பிள்ளைக்கென்று நாலு சட்டை தைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, ஒவ்வொன்றாய் மடியில் விரித்துப் பார்த்தாள். இதற்கு முன் இரண்டு முறை தைத்த சட்டைகள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன என்றாள்.

சொன்ன தவணைக்கு டாக்குத்தரிடம் போனோம். என் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். "என்ன மருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு மருந்து" என்றேன். இவர் சிரித்துவிட்டார். கடிதம் எழுதப்படவில்லை.

ஏழாம் மாதம் வந்தது. ஒவ்வொரு இரவும் பெயர் சொல்லி ஜெபித்தோம். அங்கால இருந்து ஆமீன் வரும். ஏழாம் மாதம் போனது. எட்டும் போனது. ஆவணியில் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக இஸ்மாயில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையால் தாலாட்டிக் காட்டினார். பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். நான் போட்டது போட்டபடி ஓடினேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. மெர்சி புகுந்து வந்த வேலிப் பொட்டு இப்போது ஒரு ஆளே போகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதை அடைக்கிற எண்ணம் இரண்டு வீட்டுக்கும் இல்லை.

என் இரவு ஜெபம் மாறிவிட்டது. யார்மீதாவது எனக்கு மனத்தாங்கல் இருந்தால், பகலிலேயே அவர் படலையைத் திறந்துகொண்டு போய்ச் சொல்லிவிடுகிறேன். சில வேளை சண்டையும் வருகிறது, பரவாயில்லை. இரவில் அவருடைய பெயரை நல்லதுக்கு மட்டும் சொல்கிறேன். கர்த்தர் என் விண்ணப்பத்தைக் கேட்டார். நான் கேட்டபடி கேட்கவில்லை. தறியை நிறுத்தச் சொன்னேன், அவர் தறிக்காரியைக் காட்டினார். அதற்காக அவரை என் உயிருள்ளவரை ஸ்தோத்திரிப்பேன்.

நித்திரையில்லாமல் இதை வாசிக்கிற யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் கடைசியாக ஒரு வார்த்தை. இன்று இரவு உங்களுக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் இருப்பார், அவர் பெயரைச் சொல்லி, அவருக்கு வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், நாளைக்குப் போய் அவரிடமே விசாரியுங்கள். கர்த்தர் உங்களைத் தாங்குவார், நம்புங்கள். இன்னும் எழுத ஆசைதான். சாப்பிட்டாயிற்று, ஜெபமும் முடிந்தாயிற்று. எனக்கு நித்திரை வருகிறது.